பட்ஜெட்டில் ஒதுக்கிய பணம் ஒழுங்காகச் செலவானதா என்று சட்டமன்றக் குழு எப்படிப் பார்க்கிறது? அதனால் பயன் உண்டா?

கேள்வி பொதுவாக இருக்கிறது. நான் தமிழ்நாட்டை வைத்துச் சொல்கிறேன். சில சொற்களை மாற்றினால் மற்ற மாநிலங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பணத்தை ஒதுக்குவதற்கு முன் குழு உட்கார்ந்து பார்ப்பது ஒன்று, செலவழித்த பின் கணக்குக் கேட்பது வேறொன்று. நாடாளுமன்றத்தில் துறைவாரி நிலைக்குழுக்கள் 24 உண்டு. மானியக் கோரிக்கைகள் (ஒவ்வொரு துறைக்கும் பணம் கேட்டு அவையில் வைக்கப்படுபவை) வாக்கெடுப்புக்கு வரும் முன்பே அந்தக் குழுக்கள் அவற்றை ஆராய்கின்றன. கேரளத்திலும் இதே வேலைக்குப் பொருள்வாரிக் குழுக்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் அப்படி இல்லை. கொள்கை விளக்கக் குறிப்பைக் கையில் கொடுத்து, வெட்டுத் தீர்மானங்கள் (தொகையைக் குறைக்கக் கோருபவை), விவாதம், அமைச்சரின் பதிலுரை, கூடவே புது அறிவிப்புகள் என்று அவையிலேயே கோரிக்கை நிறைவேறிவிடுகிறது. அதனால் இங்கே உண்மையான கணக்குக் கேட்பு என்றால் அது செலவான பின் கணக்கை ஆராயும் பொதுக் கணக்குக் குழுதான். மதிப்பீட்டுக் குழு சிக்கனத்தையும் திட்டம் நடக்கும் விதத்தையும் பார்க்கும். போக்குவரத்துக் கழகங்கள், மின்வாரிய நிறுவனங்கள், டாஸ்மாக் போன்றவை பொது நிறுவனங்கள் குழுவின் பக்கம் போய்விடும்.

பொதுக் கணக்குக் குழுவின் மேஜைக்கு வரும் முக்கியமான ஏடு, நிதி ஒதுக்கக் கணக்கு. சட்டமன்றம் எவ்வளவுக்கு அனுமதி கொடுத்தது, எவ்வளவு செலவானது என்று மானியக் கோரிக்கை வாரியாக அடுக்கியிருக்கும். அதோடு சிஏஜியின் (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) தணிக்கை அறிக்கைகளும் வரும். அரசமைப்புச் சட்டத்தின் 151(2) பிரிவின்படி இவை ஆளுநரிடம் கொடுக்கப்பட்டு, அவர் வழியாக அவையில் வைக்கப்பட வேண்டும். அவையில் வைத்த பிறகுதான் குழு கையில் எடுக்க முடியும். எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. கூட்டத்தொடரின் கடைசி நாளில் அறிக்கை வந்து விழுவதற்கு இந்த ஓட்டையே வழி.

இனி ஒரு உதாரணத்தோடு பார்ப்போம். எண்கள் கற்பனை. விடுதிக் கட்டடம் கட்டும் ஒரு துணைத் தலைப்புக்கு (மானியக் கோரிக்கைக்குள் ஒரு திட்டத்துக்கான கணக்கு வரி) பட்ஜெட்டில் 100 கோடி. டிசம்பரில் துணை மானியக் கோரிக்கையில் (ஆண்டின் நடுவில் கூடுதல் பணம் கேட்பது) இன்னும் 20 கோடி. மார்ச் 31 அன்று 45 கோடியை 'தேவையில்லை' என்று நிதித்துறைக்கு ஒப்படைத்துவிட்டார்கள். கடைசியில் செலவு 70 கோடி.

இதை மேலோட்டமாகப் படித்தால் '50 கோடி மிச்சம்' என்று தலைப்பு போடத் தோன்றும். கணக்குத் தெரிந்தவர் மூன்று கேள்வி கேட்பார். செலவு 70 என்றால் முதலில் வாங்கிய 100 கோடியே தீரவில்லை. அப்புறம் எதற்கு டிசம்பரில் 20 கோடி? 45 கோடி வேண்டாம் என்பது மார்ச் 31 மாலைதான் தெரிந்ததா? ஜனவரியில் சொல்லியிருந்தால் வேறு துறைக்குப் போயிருக்குமே. ஒப்படைத்தபின் கையில் நின்றது 75, செலவு 70. அந்த 5 கோடி ஏன் ஒப்படைக்கப்படாமல் காலாவதியானது?

இந்த மிச்சத்தைச் சிக்கனம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் நிலம் கையகப்படாதது, டெண்டர் முடியாதது, ஒன்றிய அரசின் பங்கு வராதது, காலிப் பணியிடம் நிரப்பாததால் சம்பளம் தேங்கியது, இவைதான் காரணம். கட்ட வேண்டிய விடுதி கட்டப்படவில்லை என்பதன் கணக்கு மொழிபெயர்ப்பே அந்த 50 கோடி.

துறையின் விளக்கக் குறிப்பில் 'தேவை குறைவாக இருந்ததால் செலவு குறைந்தது' என்று ஒரு வரி வரும். அது காரணமே இல்லை, செலவு குறைந்ததை வேறு சொற்களில் சொல்வது. குழுவில் விவரம் தெரிந்த ஒரு உறுப்பினர் இருந்தால் அங்கேயே பிடித்துவிடுவார்: எத்தனை கட்டடம் திட்டமிட்டீர்கள், எத்தனைக்கு நிர்வாக அனுமதி, எத்தனைக்குத் தொழில்நுட்ப அனுமதி, எந்தத் தேதியில் ஒப்பந்தம்? தேதிகளை வரிசையாகக் கேட்டால் தாமதம் எந்த மேஜையில் நடந்தது என்று தெரிந்துவிடும்.

மிச்சத்தைவிடக் கடுமையான குற்றம் மிகைச்செலவு. சட்டமன்றம் அனுமதித்ததற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அரசமைப்புச் சட்டத்தின் 205-வது பிரிவின் கீழ் சட்டமன்ற ஒப்புதல் பெற்று அதை முறைப்படுத்த வேண்டும். அதற்குப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். ஆனால் இதைத் துணைத் தலைப்பு அளவில் பார்க்கக் கூடாது, பலர் இங்கேதான் தவறுகிறார்கள். ஒரு துணைத் தலைப்பில் கூடியது அதே கோரிக்கையின் இன்னொன்றில் குறைந்து சரியாகியிருக்கலாம். கோரிக்கையின் மொத்தத்தில், அதுவும் வருவாய்ச் செலவு தனி, மூலதனச் செலவு தனி, வாக்கெடுப்புக்கு உட்பட்டது தனி, வாக்கெடுப்பு இல்லாமல் தொகுநிதியின் (அரசின் முதன்மை நிதிக் கணக்கு) மேல் நேரடியாகச் சாட்டப்பட்டது தனி என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வருவாய்க் கணக்கின் மிச்சத்தைக் கொண்டு மூலதனக் கணக்கின் மிகையை மூட முடியாது. முறைப்படுத்தாத மிகைச்செலவு ஆண்டுக்கணக்கில் தேங்குவது பல மாநிலங்களில் உண்டு.

கணக்கில் 'செலவானது' என்று இருந்தாலே பணம் வேலைக்குப் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மார்ச் கடைசி வாரம் கருவூலத்தில் குவியும் பில்களைக் கவனியுங்கள். தொகையைத் தொகுநிதியிலிருந்து எடுத்து ஒரு வைப்புக் கணக்கிலோ, வாரியத்தின் வங்கிக் கணக்கிலோ போட்டுவிட்டால் ஏட்டில் 100 சதவீதம் செலவு. தளத்தில் ஒரு செங்கல்கூட இருக்காது. இதைப் பிடிக்க நிதி ஒதுக்கக் கணக்கு மட்டும் போதாது. வைப்புக் கணக்கின் இருப்பையும் நிலுவையிலுள்ள பயன்பாட்டுச் சான்றிதழ்களையும் (பணம் உரிய வேலைக்குப் போனது என்ற சான்று) கேட்டு வாங்க வேண்டும். 800 என்ற சிறுதலைப்பின் கீழ் 'இதர செலவினம்' என்று பெரிய தொகை நின்றாலும் விசாரிக்க வேண்டியதுதான்.

விசாரணை எப்படி நடக்கும்? தணிக்கை அறிக்கையின் எல்லாப் பத்திகளையும் குழு எடுக்க முடியாது, தேர்ந்தெடுக்கும். துறை எழுத்தில் விளக்கம் தரும். பிறகு துறைச் செயலாளர் நேரில் வந்து சாட்சியம் சொல்வார். பதில் சொல்வது அதிகாரி, அமைச்சர் அல்ல. சிஏஜியின் கீழ் இயங்கும் மாநிலக் கணக்காய்வுத் தலைவர் குழுவுக்குத் துணையாகப் பக்கத்தில் இருப்பார். துறை கொடுத்த எண்ணும் தணிக்கை எண்ணும் முட்டும் இடத்தை அவர்தான் காட்டிக்கொடுப்பார். மாவட்டங்களுக்குப் போய் மருத்துவமனை, விடுதி, பாலம் என்று ஆய்வு செய்வதும் உண்டு. செய்தித்தாள்களில் படத்தோடு வருவது அந்தப் பகுதி மட்டும்தான். அறிக்கை அவைக்குப் போன பிறகு, பரிந்துரைமீது எடுத்த நடவடிக்கையைத் துறை தெரிவிக்க வேண்டும். குழு திருப்தியாகும்வரை பத்தி நிலுவையில் இருக்கும்.

பலவீனம் எங்கே என்றால், காலம். கணக்கு மூடி, தணிக்கை முடிந்து, அவைக்கு வந்து, குழு முறை வைத்து எடுக்கும்போது செலவு பல ஆண்டுப் பழசு. அந்தச் செயலாளர் இரண்டு துறை மாறியிருப்பார். இப்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் கோப்பைப் படித்துவிட்டுப் பேசுகிறவர். பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அப்படியும் பயனில்லை என்று நான் சொல்ல மாட்டேன். தன் பெயரில் ஒரு தணிக்கைப் பத்தி வருவதை எந்த அதிகாரியும் விரும்புவதில்லை. வரைவுப் பத்தி (அறிக்கையில் சேரும் முன் துறையின் பதிலுக்காக வருவது) வந்தவுடனேயே பிடித்தம் செய்யாத தொகையை வசூலிப்பது, விட்டுப்போன சான்றிதழைத் தேடி அனுப்புவது எல்லாம் நடக்கும். விசாரணைக்கு முன்பே முடிந்துவிடுவதால் அது வெளியே தெரிவதில்லை.

நீங்களே பார்க்க வேண்டுமென்றால் ஒரு துறையின் மானியக் கோரிக்கை ஏட்டை எடுங்கள். 2025-26 ஏட்டில் 2023-24 உண்மைச் செலவு, 2024-25 பட்ஜெட் மதிப்பீடு, அதே ஆண்டின் திருத்திய மதிப்பீடு, 2025-26 மதிப்பீடு என நான்கு நெடுவரிசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். 2023-24 ஏட்டையும் எடுத்து, அன்று ஒதுக்கியதையும் இன்று காட்டும் உண்மைச் செலவையும் ஒரே துணைத் தலைப்பில் ஒப்பிடுங்கள். 4 அல்லது 5-ல் தொடங்கும் தலைப்புகள் மூலதனச் செலவு. பெரிய இடைவெளிகளை முதலில் அங்கே தேடுங்கள். கிடைத்த இடைவெளிக்கு நிதி ஒதுக்கக் கணக்கில் துறை எழுதியிருக்கும் காரணத்தைப் படியுங்கள். காரணமே தரவில்லை என்று அங்கே எழுதியிருந்தால் அந்தத் தலைப்பைக் குறித்துவைத்துக்கொண்டு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒப்பந்தத் தேதிகளையும் பயன்பாட்டுச் சான்றிதழையும் கேளுங்கள்.