பிரேக் மாற்றிய பிறகு பெடல் பஞ்சாக இறங்குகிறதா? முதலில் நிப்பிளைப் பாருங்கள்

கீழக்கரை வாசகர் ஒருவரின் கேள்வி: "பன்னிரண்டு வருசப் பழைய காரில் முன்பக்கம் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரும் போட்டேன். காலிப்பர் செகண்ட் ஹேண்ட், தெரிந்தவர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது. மூன்று தடவை ஏர் எடுத்தாயிற்று. இப்போது மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?"

பெடலை மிதித்ததும் ஆயிலைக் காலிப்பருக்குத் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர். அதை இப்போதைக்கு மாற்றாதீர்கள். இன்னொரு ரூபாய் செலவழிக்கும் முன் முன்சக்கரம் இரண்டையும் கழற்றச் சொல்லி, காலிப்பரின் பின்புறம் கையை விட்டுத் தடவுங்கள். ஏர், அதாவது பிரேக் ஆயிலில் சிக்கிய காற்றை, எடுக்கிற சின்னத் திருகுதான் நிப்பிள். அது மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

கீழே இருந்தால் உங்கள் வியாதி அதுதான். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிட்டார்கள். பல வண்டிகளில் அது போல்ட் துளைக்குச் சரியாகவே உட்காரும், பார்வைக்குத் தப்பே தெரியாது. ஒரு டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீர்க் குடத்துக்குள் அமுக்கிப் பாருங்கள். உள்ளே இருக்கிற காற்று வெளியே வராது. காலிப்பருக்குள்ளும் அதே கதைதான். காற்று உச்சியில் போய் உட்கார்ந்துகொள்ளும், கீழே இருக்கிற நிப்பிள் வழியாக நல்ல ஆயில்தான் கொட்டும். மூன்று தடவை இல்லை, முப்பது தடவை எடுத்தாலும் இப்படியே இருக்கும்.

போன ஆடியில் தொண்டிப் பக்கமிருந்து ஒரு வண்டி இதே கோளாறோடு வந்தது. வேறு பட்டறையில் இரண்டு நாள் வைத்து இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றியிருந்தார்கள். காலிப்பர் இரண்டையும் இடம் மாற்றி மாட்டி, நிப்பிளில் கண்ணாடி டியூப் செருகி, மறுமுனையை ஆயில் பாட்டிலில் முக்கினேன். முதல் மிதியிலேயே சோடா உடைத்ததுபோல் முத்து முத்தாகக் குமிழி வந்தது. ஏழெட்டு மிதிக்குப் பிறகு ஆயில் தெளிந்து கம்பிபோல் இறங்கியது. பெடல் காலுக்கு அடியில் கல்லாக நின்றது.

ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை அமுக்க விடாதீர்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரின் கடைசிப் பகுதிக்கு, உள்ளே ஆயிலைத் தள்ளுகிற ரப்பர் வாசர் தினமும் போவதில்லை, அங்கே துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரைவரை மிதித்தால் வாசர் அதில் உரசிக் கிழியும். நன்றாக இருந்த மாஸ்டர் சிலிண்டர் அன்றைக்குத்தான் கெடும், பிறகு "நான் அப்போதே சொன்னேனே" என்பார்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள், போதும்.

நிப்பிள் மேலேதான் இருக்கிறது என்றால் கைபிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு பெடலை மிதியுங்கள். பெடல் மேலேயே நின்றால் முன்பக்கம் குற்றமில்லை, பின் டிரம்மில் ஷூ தளர்ந்திருக்கிறது. அதை டைட் வைத்தால் சரி. அடுத்து, இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து முறை வேகமாக மிதியுங்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் ஏறி வந்தால் உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. ஒரே அழுத்தமாக மிதித்துப் பிடித்திருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ கசிவு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் வாசர் போய்விட்டது. மிதித்தபடி ஸ்டார்ட் செய்கிற நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது மிதிக்குப் பலம் கூட்டுகிற பூஸ்டர் வேலை செய்வதால், அதற்குப் பயப்பட வேண்டாம்.

மாஸ்டர் சிலிண்டரை உண்மையிலேயே மாற்ற வேண்டிய ஒரு சமயம் உண்டு, அதை நிதானமாகச் சொல்கிறேன். சின்ன ஊசிக் குழாயால் பெரிய ஊசிக் குழாயைத் தள்ளுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னது மாஸ்டர் சிலிண்டர், பெரியது காலிப்பரின் பிஸ்டன். பெரியது ஒரு விரற்கடை நகர, சின்னது வெகுதூரம் உள்ளே போக வேண்டும். புதிய காலிப்பரின் பிஸ்டன் பழையதைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால், பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளுகிற ஆயில் அதற்குப் பற்றாது. ஆனால் அப்போது பெடல் பஞ்சாக இருக்காது. நீளமாக இறங்கும், இறங்கிய இடத்தில் கெட்டியாக நிற்கும். பஞ்சு வேறு, நீளம் வேறு. உங்கள் காலுக்குத்தான் அது தெரியும், காலிப்பர் வாங்கிக் கொடுத்த புரோக்கருக்குத் தெரியாது. டிஸ்க் மட்டும் பெரிதாகி பிஸ்டன் அளவு மாறவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். தேவையில்லாமல் பெரிய மாஸ்டர் சிலிண்டர் போட்டால் பெடல் கட்டையாகிவிடும், அதே வேகத்தில் நிறுத்த இன்னும் பலமாக மிதிக்க வேண்டி வரும்.

இந்தப் புரோக்கர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய இரும்புக் கடையில் கழற்றிய காலிப்பரைப் பெயின்ட் அடித்துக் கொடுப்பார்கள். எந்த வண்டியில் இருந்தது, பிஸ்டன் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் பதில் இருக்காது. ஒன்று சரியில்லை என்றால் அடுத்ததை விற்பார்கள், ஒவ்வொன்றிலும் கமிஷன். "ஆர்.டி.ஓ. ஆபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதையும் நம்பாதீர்கள். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரரிடம் பதில் சொல்லப்போவது நீங்கள். லைசென்ஸ் கேட்பவரை ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். பிரேக்கைக் கழற்றி மாட்டுகிறவரிடம் என்ன தெரியும் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை வருசமாகச் சொல்வது!

ஆயிலும் அப்படித்தான். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், நம் கடற்கரையில் கேட்கவே வேண்டாம். டாட் 4 என்கிற தரத்தில் வரும் புது ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது கணக்கு. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அது 155 டிகிரிதான். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் மறுபடி பஞ்சு. பட்டறை அலமாரியில் மூடி திறந்து கிடக்கும் டப்பாவிலிருந்து ஊற்ற விடாதீர்கள். சீல் உடைக்காத டப்பாவை நீங்களே வாங்கிப் போய், உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டு வருச ரப்பர் ஹோஸையும் அதே கையோடு மாற்றிவிடுங்கள். மிதிக்கும்போது அது உப்புவதும் பஞ்சு போலத்தான் தெரியும்.

எல்லாம் சரியான பிறகு, காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மெதுவாகக் குறையுங்கள். நடுவில் ஆற விட்டு எட்டுப் பத்து முறை செய்தால், டிஸ்க்கை உரசி நிறுத்துகிற புது பேடு அதில் படியும். பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க முன்னால் போகிற வண்டி சட்டென்று நிற்கும். பெடல் கெட்டியாகும்வரை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் பக்கம் போகாதீர்கள்.