பாதி, மீதியில் பாதி… அப்புறம் எப்படிப் போய்ச் சேருகிறோம்?

கேள்வி: என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். "இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக முதலில் பாதி தூரம், பிறகு மீதியில் பாதி, பிறகு அதில் பாதி என்று முடிவே இல்லாமல் கடக்க வேண்டுமே, எப்படிப் போய்ச் சேருகிறோம்?" என்கிறாள். பெருக்குத் தொடர் (1/2 + 1/4 + 1/8 + …) சூத்திரத்தைப் போட்டு, கூட்டினால் 1 வரும் என்று காட்டினேன். "கணக்கு சரிப்பா, முடிவில்லாத வேலையை எப்படி முடிக்கிறோம்?" என்று திரும்பவும் கேட்கிறாள். என்ன சொல்வது?

பதில்: அவள் விடாமல் கேட்பது நியாயம்தான். கூட்டுத்தொகை 1 என்பதற்குக் கணிதம் தரும் பொருள், கூட்டக் கூட்ட 1-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கலாம் என்பதே. நெருங்கினால் சேர்ந்ததாகுமா என்பது அவள் கேள்வி.

இதைக் கி.மு. 5-ஆம் நூற்றாண்டிலேயே கிளப்பியவர் தென் இத்தாலியின் எலியா நகரத்துத் தத்துவஞானி ஸீனோ. எழுந்து நடந்து காட்டி அவரை மறுத்ததாக ஒரு பழைய கதை உண்டு. அந்த வழியில் போகாதீர்கள். நடக்க முடிகிறது என்பது அவளுக்கும் தெரியும். வாதத்தில் ஓட்டை எங்கே என்றுதான் கேட்கிறாள்.

அவள் கேள்விக்குள் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. முதலாவது, கட்டங்கள் முடிவில்லாதவை என்றால் நேரமும் முடிவில்லாமல் போகுமே என்பது. அறை 4 மீட்டர், வேகம் நொடிக்கு 1 மீட்டர் என்று வையுங்கள். முதல் பாதிக்கு 2 நொடி, அடுத்ததற்கு 1, பிறகு அரை, கால். தூரம் சுருங்கும் அதே விகிதத்தில் நேரமும் சுருங்குவதால் மொத்தம் 4 நொடியைத் தாண்டாது. அரிஸ்டாட்டில் தன் 'இயற்பியல்' நூலில் சொன்ன பதிலின் சாரமும் இதுதான்.

இங்கே நிறுத்தாமல் ஒரு விளையாட்டு காட்டுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் 1 நொடி எடுத்தால் அவள் சுவரைத் தொடவே மாட்டாள், ஸீனோ ஜெயித்துவிடுவார். 1, 1/2, 1/3, 1/4 நொடி என்று எடுத்தால்? நேரம் குறைந்துகொண்டுதானே வருகிறது, சேர்ந்துவிடலாம் என்பாள். முடியாது. 1/3-ம் 1/4-ம் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த நான்கும் சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. அரை அரையாக ஏறிக்கொண்டே போகும். 14-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் அறிஞர் நிக்கோல் ஒரேம் கண்ட நிரூபணம் இது. நேரம் குறைந்தால் மட்டும் போதாது, போதிய வேகத்தில் குறைய வேண்டும். சாதாரண நடையில் அப்படிக் குறைகிறது.

இரண்டாவது சந்தேகம்தான் உண்மையில் கடினம்: கடைசிக் கட்டம் என்று ஒன்று இல்லாதபோது முடித்தோம் என்று எப்படிச் சொல்வது? எந்தக் கட்டத்தைக் கேட்டாலும் அது 4-ஆவது நொடிக்கு முன்பே முடிந்திருக்கும். அந்த நொடியில் பாக்கி என்று எதுவும் இல்லை. முடித்தல் என்பதற்கு இவ்வளவு போதும். கடைசிக் கட்டம் தேவையில்லை.

ஒத்துக்கொள்ளாவிட்டால், 1954-இல் தத்துவவாதி ஜேம்ஸ் தாம்சன் முன்வைத்த விளக்குப் புதிரைக் கொடுங்கள். 1 நிமிடம் எரியும், அரை நிமிடம் அணையும், கால் நிமிடம் எரியும், இப்படியே. 2 நிமிடம் முடிந்ததும் எரியுமா, அணைந்திருக்குமா? 1962-இல் இன்னொரு தத்துவவாதி பால் பெனாசெராஃப் காட்டியபடி, அதுவரை நடந்ததை வைத்து இதைத் தீர்மானிக்கவே முடியாது. எந்தப் பதிலும் முரணாகாது. நடை அப்படியல்ல. இடம் தாவாமல் தொடர்ச்சியாக நகர்வதால், 4-ஆவது நொடியில் சுவரைத் தவிர வேறெங்கும் அவள் இருக்க முடியாது.

வெளியை, அதாவது இடத்தை, பிரித்துக்கொண்டே போனால் இதற்கு மேல் பிரிக்க முடியாத துணுக்கு வந்துவிடும், புதிர் தீர்ந்தது என்று சில காணொளிகள் சொல்லும். அப்படி ஒரு துணுக்கு இருப்பது நிரூபிக்கப்படவில்லை, இந்தப் புதிருக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து அவள் இதைத் தலைகீழாகக் கேட்கக்கூடும்: பாதிக்கு முன் கால், காலுக்கு முன் அரைக்கால், அப்படியானால் முதல் அடியை எப்படி எடுப்பது? அதையும் இதே வழியில் பாருங்கள். முதல் கட்டம் என்று ஒன்று கிடையாது. பூஜ்ய நொடியில் தொடக்கத்தில் நிற்கிறாள். அதற்குப் பின் எந்தக் கணத்தைக் கேட்டாலும் எண்ணற்ற கட்டங்களை ஏற்கெனவே கடந்துவிட்டிருப்பாள்.