மாமா சொல்லும் சீட்டும் வேண்டாம், சித்தப்பா காட்டும் லேப்டாப்பும் வேண்டாம்

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். கணவருக்கு வெல்டிங் பட்டறை. மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள்; கணிதத்தில் நல்ல மதிப்பெண், இயற்பியலில் சுமார். பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் தாய்மாமன், "ஏஐ இருக்கிற கோர்ஸாப் பார்த்து மேனேஜ்மென்ட் சீட்டாவது வாங்கிருங்க அக்கா, நாலு வருஷம் பல்லைக் கடிச்சா போதும்" என்கிறாராம். உள்ளூர் சித்தப்பா 26,000 ரூபாய்க்கு ஒரு புது லேப்டாப்பைத் தவணையில் எடுத்துத்தரத் தயாராக இருக்கிறார். பாப்பாவோ பி.எஸ்சி. கணிதம்தான் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நகையை வைத்தாவது பொறியியலில் சேர்த்துவிடட்டுமா? லேப்டாப்பை இப்போதே வாங்கட்டுமா? தம்பியிடம் என்ன சொல்வது?" என்று கேட்கிறார்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும், கவலைப்படாதீர்கள் அம்மா என்று எழுதி முடித்துவிடலாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் வரவு செலவைப் பார்த்த பிறகு அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சீட்டு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அவர்களுக்கான கட்டணத்தை அரசே ஏற்கிறது. அந்த வழி இருந்திருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் மகள் படித்தது அரசு உதவிபெறும் பள்ளி, அதனால் அந்த ஒதுக்கீடு அவளுக்குக் கிடையாது. நகையை வைத்து முதல் வருஷம் கட்டிவிடுவீர்கள். இரண்டாம் வருஷம் எதை வைப்பீர்கள்? பட்டறை மிஷினையா? மாமாவிடம் இதைக் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள். தம்பியிடம் காசு பற்றிக் கேட்பது நம் ஊரில் அவ்வளவு சுலபமில்லை.

அப்புறம் அந்த ஏஐ. கோர்ஸ் பெயரில் அது இருப்பதால் பிள்ளை அதைக் கற்றுவிடாது. அதற்கு அடியில் கிடப்பது நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, நுண்கணிதம். பாப்பா சேர ஆசைப்படும் பி.எஸ்சி.யில் இவற்றுக்குத்தான் அடித்தளம் போடுவார்கள். நாட்காட்டித் தாளின் பின்பக்கமெல்லாம் கணக்குப் போட்டு வைக்கிறாள் என்று நீங்களே கொஞ்சம் சலிப்போடு எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சலிப்பை விட்டுவிடுங்கள். பதினேழு வயதில் எதில் தானாகப் போய் உட்காருகிறாள் என்பதைவிட நல்ல தேர்வு முடிவு எதுவும் கிடையாது. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

எந்தக் கல்லூரி என்பதில் நீங்கள் குழம்ப வேண்டியதில்லை. மதுரையில் மீனாட்சி அரசு மகளிர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா, தியாகராசர், அமெரிக்கன் கல்லூரி என்று பெயர்கள் உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பாடம் எய்டட் பிரிவிலும் இருக்கும், செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவிலும் இருக்கும். வாத்தியார்கள் அளவில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போகலாம், கட்டணத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. விண்ணப்பத்தில் எய்டட் என்று பார்த்துப் போடுங்கள். இன்னொன்று, புதுமைப் பெண் திட்டம். 2022இல் அரசுப் பள்ளி மாணவிகளுக்காகத் தொடங்கியது, 2024 டிசம்பரில் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கும் விரிவானது. மாதம் 1,000 ரூபாய். உங்கள் மகள் தமிழ் வழி என்பதால் பொருந்துகிறது. கல்லூரியில் சேர்ந்தவுடன் அங்கேயே விண்ணப்பம் கொடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பணத்தைப் பற்றிப் பின்னால் மறுபடி பேசுகிறேன்.

இப்போது லேப்டாப். சித்தப்பா அனுப்பிய விளம்பரப் படத்தை நீங்கள் சேர்த்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. செலரான் பிராசசர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பு, விண்டோஸ் 11. இந்த 4 ஜிபியும் 64 ஜிபியும் விண்டோஸ் 11 உள்ளே வருவதற்கே மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவு. அதாவது வாங்கும் நாளிலேயே மூச்சு முட்டும் பெட்டி. சில அப்டேட் வந்ததும் இடம் போதவில்லை என்று அழும். இஎம்எம்சி என்பது போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பு. தனியாக மாட்டும் எஸ்எஸ்டி சேமிப்பு மாதிரி கழற்றிப் பெரிதாகப் போட முடியாது. இந்த ரகத்தில் பலவற்றில் ராமும் அப்படித்தான். உங்கள் வீட்டுக்காரருக்கு வெல்டிங் தெரியும், ஆனாலும் அதை அவரால் பிரிக்க முடியாது. தவணை முடிவதற்குள் பெட்டி ஓய்ந்துவிடும்.

அப்படியானால் என்ன வாங்குவது? இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். கம்பெனிகள் உபயோகித்துக் கழித்துவிட்ட, கழற்றி மாட்டும் கீபோர்டும் பேனாவும் உள்ள இன்டெல் டேப்லெட் ஒன்று. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம்.

டேப்லெட் என்றதும் படம் பார்க்கும் ஆண்ட்ராய்டு பலகையை நினைத்துவிடாதீர்கள். அதில் லினக்ஸ் போடுவது பெரும் பாடு. அந்தச் சிப்புகளில் மாடலுக்கு மாடல் பூட் ஆகும், அதாவது இயங்கத் தொடங்கும் முறை வேறு, ஒவ்வொன்றுக்கும் யாராவது தனியாக உட்கார்ந்து வேலை செய்திருக்க வேண்டும். நான் சொல்வது உள்ளே முழு லேப்டாப்பான டேப்லெட். டெல் லாட்டிட்யூட் 5285, 5290 (இரண்டிலும் 2-இன்-1 என்று போட்டதுதான்), லெனோவோ திங்க்பேட் எக்ஸ்1 டேப்லெட், எச்பி எலைட் எக்ஸ்2, மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் எல்லாம் இந்தக் குடும்பம். பின்னால் ஒரு முட்டு இருக்கும், மேசையில் நிறுத்தலாம். கீபோர்டை மாட்டினால் லேப்டாப், கழற்றினால் நோட்டு.

இவை புதிதாக வந்தபோது அதிகாரிகள் வாங்கிய சாமான்கள், விலை லட்சத்தைத் தொட்டவையும் உண்டு. இப்போது மலிந்ததற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய பிராசசரை ஏற்பதில்லை. அதனால் ஏழாம் தலைமுறை மிஷின்களைக் கம்பெனிகள் கழித்துக்கட்டுகின்றன. மிஷினுக்கு ஒரு குறையும் இல்லை, விண்டோஸ்தான் அதைக் கைவிட்டது. லினக்ஸுக்கு அந்தத் தகராறே கிடையாது. 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி உள்ளதாக இருபதாயிரத்தை ஒட்டித் தேடுங்கள். விலை கடைக்குக் கடை ஏறி இறங்கும். புதுமைப் பெண் பணத்தைக் கொண்டு இரண்டு வருஷத்துக்குள் இதை ஈடு செய்துவிடலாம். நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

லினக்ஸுக்கென்றே செய்து விற்கும் டேப்லெட்டுகளும் உலகத்தில் உண்டு. 2023இல் வந்த பைன்டேப் 2 விலை குறைவு, ஆனால் வெளிவந்தபோது வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருளே தயாராக இல்லை. இங்கிலாந்தின் ஸ்டார்லைட் அருமையான பொருள், விலையும் அதற்கேற்ற மாதிரி. இரண்டையும் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கம் கட்டி, பழுதானால் மதுரையில் யாரிடம் கொடுப்பீர்கள்? வேண்டாம்.

இது ஏன் உங்கள் பாப்பாவுக்கு என்று கேட்பீர்கள். கணிதம் தட்டச்சில் ஓடாது. வகையீடு, தொகையீடு, அணிக்கோவை எல்லாம் கையால் எழுதினால்தான் வரும். பேனாவால் திரையிலேயே எழுதலாம். ஜோர்னல் பிளஸ் பிளஸ் (Xournal++) என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. வாத்தியார் அனுப்பும் பிடிஎஃப் மேலேயே விளிம்பில் குறிப்பு எழுதலாம், கோடு போட்ட தாளில் கணக்குப் போடலாம், தப்பான வரியை மட்டும் சுற்றிப் பிடித்து நகர்த்தலாம். நாட்காட்டித் தாள் தீராது. வரைபடத்துக்கு ஜியோஜீப்ரா, எண் கணக்குகளுக்கு ஆக்டேவ், நிரல் எழுதப் பைத்தான். பிறகு லேட்டெக். உலகம் முழுக்கக் கணிதக் கட்டுரைகளை அதில்தான் எழுதுகிறார்கள், பி.எஸ்சி.யிலேயே கை வந்துவிட்டால் எம்.எஸ்சி.யில் புராஜெக்ட் எழுதும்போது பிள்ளை திணறாது. இவை எல்லாமே செலவில்லாமல் கிடைக்கின்றன, திருட்டு நகல் தேட வேண்டியதில்லை. தமிழில் எழுத தமிழ்99 விசைப்பலகையும் உண்டு.

உசிலம்பட்டியிலிருந்து தினமும் செக்கானூரணி வழியாகப் பஸ்ஸில் நின்றுகொண்டு வரப்போகிறாள், இதையும் யோசியுங்கள். சாப்பாட்டுப் பை, புத்தகம், தண்ணீர் பாட்டிலோடு 15 அங்குல லேப்டாப்பும் தோளில் தொங்கினால் ஒரு மாதத்தில் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவாள். இந்த டேப்லெட் கீபோர்டோடு சேர்த்து ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும் தூக்கிப் போகலாம்.

யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்ற பயம் வேண்டாம். ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. லினக்ஸ், லிப்ரே ஆபிஸ், பைத்தான், லேட்டெக் எல்லாம் உண்டு. கணியம் தளத்தில் 2012 முதல் தமிழில் கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன. இந்தப் பழக்கம் வேலைக்கும் ஆகும். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்கள் 2017 நவம்பரிலிருந்து லினக்ஸில்தான் ஓடுகின்றன. மாமாவின் கம்பெனி சர்வர் எதில் ஓடுகிறது என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மடியில் வைத்துத் தட்டச்சு செய்ய இது வசதிப்படாது, மேசை வேண்டும். பல மாடல்களில் லினக்ஸில் கேமரா வேலை செய்யாது. வீடியோ வகுப்புக்கு போனை வைத்துக்கொள்ளட்டும். சர்ஃபேஸ் வாங்கினால், பலவற்றில் தொடுதிரையும் பேனாவும் சரியாக ஓட லினக்ஸ்-சர்ஃபேஸ் என்ற தனி கெர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, போட வேண்டும். அதிலும் சர்ஃபேஸ் ப்ரோ 4 பக்கமே போகாதீர்கள். சூடேறினால் திரை நடுங்கும் குறை அதில் இருந்ததை மைக்ரோசாஃப்டே 2018இல் ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அது தாங்காது. முதன்முதலில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கு டெல் தொல்லை குறைவு. இதைப் படிக்கும் மற்ற பெற்றோர் கவனிக்க: பிள்ளை பி.காம். போகிறது, டேலி கற்க வேண்டும் என்றால் இந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை. டேலியும் ஆட்டோகேடும் லினக்ஸில் நேரடியாக ஓடாத சமாச்சாரம். பழைய பிசினஸ் லேப்டாப் ஒன்றை எஸ்எஸ்டியோடு வாங்குங்கள்.

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளுக்குப் போவதற்கு முன், பக்கத்து நெட் சென்டரில் ஒரு 8 ஜிபி பென்டிரைவில் லினக்ஸ் வகைகளான ஃபெடோராவையோ உபுண்டுவையோ ஏற்றிக்கொள்ளுங்கள். அவற்றில் வரும் க்னோம் என்ற திரையமைப்பு விரலுக்கு ஏற்றது. கடையில் மிஷினை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யச் சொல்லுங்கள். எதையும் நிறுவாமலே ஓடும். "அதெல்லாம் முடியாதுங்க" என்றால் நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். ஓடியதும் பாப்பாவே பேனாவால் திரை முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் கோடு போடட்டும், எங்காவது கோடு அறுந்தால் திரையில் கோளாறு. வைஃபை, சத்தம், மூடித் திறந்தால் எழும்புகிறதா, திருப்பினால் திரை திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு மிஷினை அணைத்து, பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புத் திரைக்குள் போகச் சொல்லுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அது பழைய கம்பெனியின் பூட்டு, வாங்காதீர்கள். டெல்லில் பேட்டரியின் ஆரோக்கியமும் அங்கேயே தெரியும். கடைசியாக, பலகையை மட்டமான மேசையில் படுக்க வைத்து உங்கள் வீட்டுக்காரரை ஓரத்தில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தகடு வளைந்திருக்கிறதா என்று பார்த்துப் பழகிய கண் அவருக்கு. திரை ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது, பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

மாமாவிடம் என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். சீட்டைப் பற்றி வாதாட வேண்டாம். பாப்பா விண்ணப்பம் போட்டுவிட்டாள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரிடம் ஒரு உதவி கேளுங்கள்: "உங்க கம்பெனில பழைய டேப்லெட் லேப்டாப்பெல்லாம் கழிச்சு ஸ்டாஃப்புக்கே விக்கிறாங்களாமே தம்பி, ஒண்ணு கிடைக்குமா?" பல ஐடி கம்பெனிகளில் அந்த வழக்கம் உண்டு, வெளி விலையைவிடக் குறைவாகவும் இருக்கும். சார்ஜரும் பேனாவும் சேர்த்துத் தருவார்களா என்பதை அப்போதே கேட்டுவிடுங்கள், தனியாக வாங்கினால் பேனா விலை அதிகம்.