உள்ளாடைத் துணியின் தரமும் விலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: நான் பேருந்து ஓட்டுநர். இரண்டு கடைகளில் வாங்கிய ஜட்டிகளிலும் ‘நூறு சதவீதம் காட்டன்’ என்றே அச்சிட்டிருக்கிறது. ஆனால், ஒன்றின் விலைக்கு மற்றதில் மூன்று வாங்கலாம். மலிவானது சில முறை துவைத்ததுமே தொடையில் உரசுகிறது. ஏன்? (வள்ளியூர் வாசகர்)

பதில்: இரண்டும் பருத்தியாகவே இருக்கலாம். வேறுபாடு இழையின் நீளத்திலும் நூற்ற விதத்திலும் இருக்கிறது. எந்தப் பஞ்சிலும் நீண்ட இழைகளும் குட்டை இழைகளும் கலந்தே இருக்கும். சிக்கெடுத்து அப்படியே நூற்றால் அது கார்டடு நூல். அதற்கு மேலும் எந்திரத்தில் சீவி, குட்டை இழைகளைக் கழித்துவிட்டு நூற்றால் அது கோம்டு நூல். சீவும்போது பஞ்சின் எடையில் ஏறத்தாழ 12 முதல் 18 சதவீதம் வரை கழிவாகப் போய்விடுவதால், விலை நூற்பாலையிலேயே ஏறிவிடுகிறது. கழிக்கப்படாத குட்டை இழைகளின் நுனிகள்தாம் நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, வியர்வையும் உரசலும் சேரும்போது சிறு உருண்டைகளாகத் திரண்டு, நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருக்கும் உங்களைப் போன்றவர்களின் தொடையைப் புண்ணாக்குகின்றன. நம் கோவில்பட்டிக் கரிசலில் விளையும் கருங்கண்ணிப் பருத்தி வானம் பார்த்த பூமிக்கு அருமையான பயிர்தான். எனினும் அதன் இழை குட்டையானது என்பதால் தடித்த நூலுக்கே பொருந்தும். கோயம்புத்தூரில் உருவாகி 1974-இல் வெளிவந்த சுவின் ரகத்தின் இழையோ 35 மில்லிமீட்டருக்கும் நீளமானது. அதில் நூற்கும் நூல் மெல்லியதாகவும் வழவழப்பாகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும்.

இரண்டாவது காரணம் பின்னல். நூலை மிச்சப்படுத்தத் தளர்வாகப் பின்னிய துணி கடையில் மெத்தென்று தோன்றும்; துவைத்ததும் நீளத்தில் சுருங்கும், ஓரத் தையல் முன்பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். திருப்பூரில் துணியை நீராவியில் அழுத்திச் சுருக்கத்தை முன்கூட்டியே எடுக்கும் காம்பாக்டிங் வேலைக்கும் செலவு உண்டு, மலிவான சரக்கில் அது சரியாக நடப்பதில்லை. அடுத்த முறை வாங்கும்போது துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்; கண்ணிகள் சீராகத் தெரிய வேண்டும். அகலவாட்டில் இழுத்து விட்டால் உடனே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். உள்பக்கத்தைத் திருப்பித் தையலை விரலால் தடவுங்கள். அங்கே குத்தினால் உடம்பிலும் குத்தும்.

கேள்வி: சாரல் காலத்தில் காட்டன் உள்ளாடை இரண்டு நாளானாலும் காய்வதில்லை. பாலியஸ்டருக்கு மாறலாமா? (தென்காசி வாசகி)

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. வழக்கமான காற்று ஈரத்தில் பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தை உள்வாங்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்குவதில்லை. அது சீக்கிரம் காய்வதும், சாதாரணப் பாலியஸ்டர் துணியில் வியர்வை தோலின் மேலேயே பிசுபிசுப்பதும் அதனால்தான். மரக்கூழிலிருந்து செய்யும் மோடல் மிக மென்மையானது, ஈரத்தைப் பருத்தியைவிடவும் அதிகமாக உறிஞ்சுவது. ஆகவே உலர்த்தும் சிக்கலுக்கு அது தீர்வாகாது. மெல்லிய கோம்டு பருத்தியில் கூடுதலாகச் சில உருப்படிகள் வைத்துக்கொண்டு, அரை ஈரமாக இருப்பதை இஸ்திரி போட்டு முழுதும் உலர்த்தி அணியுங்கள். ஈர உள்ளாடையால் படர்தாமரை பரவ வாய்ப்பு அதிகம். வந்துவிட்டால் கடையில் களிம்பு வாங்கிப் பூசாமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பள்ளி செல்லும் என் மகளுக்கு பிராவின் எலாஸ்டிக் பட்டை பட்ட இடமெல்லாம் சிவந்து அரிக்கிறது. (பாளையங்கோட்டைத் தாய்)

பதில்: ரப்பர் அல்லது நைலான் பட்டை நேரடியாகத் தோலில் படும் வகையைத் தவிர்த்து, பட்டையின் மேல் பருத்தித் துணி மூடித் தைத்ததை வாங்குங்கள். லேஸ் வைத்ததென்றால் உள்பக்கம் பருத்தி இருக்க வேண்டும். துணியில் 5 சதவீத அளவுக்கு எலாஸ்டேன் என்ற இழுபடும் செயற்கை இழை கலந்திருப்பது நல்லது. வடிவம் நிற்கும், இறுக்கமாகப் போட வேண்டிய தேவை குறையும். பிளீச்சிங் பவுடரும் கொதிநீரும் அந்த இழையைச் சீக்கிரம் கெடுத்துவிடும். துணி மாற்றியும் அரிப்பு நீடித்தால் மருத்துவர் பார்க்கட்டும். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெண் பிள்ளைகளின் உள்ளாடையை வேறு துணிக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. காற்றுப்படாமல் காய்ந்த துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் உடம்புக்கு ஆகாது. தயவுசெய்து அதைக் கொடியில் வெளிப்படையாகவே போடுங்கள்.

கேள்வி: காலமெல்லாம் பட்டாபட்டி டிராயர்தான் அணிகிறேன். பேரன் பனியன் துணிக்கு மாறச் சொல்கிறான். (அம்பாசமுத்திரம் பெரியவர்)

பதில்: மாற வேண்டியதில்லை, ஐயா. நெய்த துணி நீளாது. ஆனால் உடம்போடு ஒட்டாமல் விலகி நிற்பதால் அக்கினி நட்சத்திர வெயிலில் காற்று உள்ளே போய்வரும். அளவு மட்டும் தாராளமாக இருக்கட்டும். இப்போது பாலியஸ்டர் கலந்தும் வருவதால், துணியிலிருந்து ஓரிரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகி, கெட்டியான கறுப்பு மணியாக நிற்கும். தையல் நூலை எடுத்துவிடாதீர்கள். பருத்தி ஆடைகளில்கூட அது பெரும்பாலும் பாலியஸ்டராகவே இருக்கும்.

கேள்வி: விலை கூடினால் தரமும் கூடுமா? (நாங்குநேரி வாசகர்)

பதில்: ஓரளவு வரைதான். கார்டடிலிருந்து கோம்டுக்குப் போகும்போது கூடும் விலை உடம்புக்குத் தெரியும். அதற்கு மேல் பெயர் பொறித்த இடுப்புப் பட்டைக்கும் அட்டைப் பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் சேர்த்தே கொடுக்கிறீர்கள். முதலில் ஒன்று மட்டும் வாங்கி, நாலைந்து முறை துவைத்துப் பார்த்த பிறகு மற்றவற்றை வாங்குங்கள்.