வயிறு நிறைந்தது தெரியாத பூஞ்சை

அன்புள்ள ஐயா,

வைக்கோல் எரிப்பு பற்றிய கட்டுரையில், மரபணு மாற்றிய பூஞ்சைகளின் நொதிகளால் வைக்கோலைச் சர்க்கரையாக்கி எத்தனால் எடுக்கலாம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு அது உறுத்துகிறது. விழுந்த மரத்தைப் பூஞ்சை காலகாலமாக மக்க வைத்துக்கொண்டுதானே இருக்கிறது? அதில் நாம் ஏன் கைவைக்க வேண்டும்? இப்படி வெறியேற்றிய பூஞ்சை ஆலையை விட்டு வெளியே வந்தால் நிற்கிற பயிரையும் வீட்டு உத்தரத்தையும் தின்றுவிடாதா? நான் திருப்பூரில் பனியன் தொழிலில் இருப்பவன், அறிவியல் படித்தவன் அல்ல.

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் அந்தப் பூஞ்சைக்கு அந்நியர் அல்ல. உங்கள் ஊரில் துணிக்கு ‘பயோ வாஷ்’ கொடுக்கிறார்களே, அதில் பிசிறை மேய்ந்து எடுப்பது செல்லுலேஸ் என்ற நொதி. அமிலத் தண்ணீரில் வேலை செய்யும் செல்லுலேஸ் பெரும்பாலும் டிரைக்கோடெர்மா ரீசி என்ற பூஞ்சை தருவது. விதைநேர்த்திக்கு வாங்குகிற டிரைக்கோடெர்மா விரிடிக்குப் பங்காளி முறை. பருத்திப் பிசிறோ வைக்கோலோ, அதற்கு வேண்டியது உள்ளே இருக்கும் செல்லுலோஸ்தான், அதாவது சர்க்கரைகள் கயிறாகக் கோத்த நார்ப்பொருள்.

அது மனிதர் கண்ணில் பட்டதே துணியைத் தின்றதால்தான். இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரங்களும் உடுப்புகளும் மளமளவென்று மக்கிப்போயின. சாலமன் தீவுக்கூட்டத்தில் ஒரு பருத்திக் கித்தானிலிருந்து பிரித்தெடுத்த பூஞ்சைக்கு கியூஎம்6ஏ என்று பெயரிட்டார்கள். கியூஎம் என்பது படைக்குத் தளவாடம் வழங்கும் துறையின் சுருக்கம். எல்வின் ரீஸ், மேரி மேண்டல்ஸ் போன்றவர்கள் ராணுவ ஆய்வகத்தில் அதை ஆராய்ந்தார்கள். மக்குவதை நிறுத்துவதுதான் முதல் நோக்கம். 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் கேள்வி தலைகீழானது: இதை இன்னும் வேகமாக மக்க வைக்க முடியுமா? இன்று ஆலைகளில் இருக்கும் ரீசி வகைகள் எல்லாம் அந்த ஒரு பூஞ்சையின் வாரிசுகள்.

ஏன் கைவைக்க வேண்டும் என்கிறீர்கள். காட்டுப் பூஞ்சைக்கு அவசரம் இல்லை, ஆனால் சிக்கனம் உண்டு. சோறு வெந்ததும் அடுப்பை அணைக்கிற மாதிரி, பக்கத்தில் குளுக்கோஸ் சேர்ந்தவுடன் நொதி செய்வதை நிறுத்திவிடும். அதற்கு உத்தரவு போடுவது சிஆர்இ1 என்ற மரபணு. ஆலைக்கு வேண்டியதோ, வயிறு நிறைந்தது தெரியாமல் சமைத்துக்கொண்டே இருக்கும் சமையல்காரர். ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் மான்டெனகோர்ட்டும் எவ்லியும் 1970களின் கடைசியில் அப்படி ஒன்றை உருவாக்கினார்கள், ரூட்-சி30. எப்படி? புற ஊதாக் கதிர், பிறகு ஒரு ரசாயனம், மறுபடி கதிர். கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறிந்தார்கள் என்றே சொல்லலாம். எது உடைந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. சிஆர்இ1 பாதியில் அறுந்திருப்பது 1996இல் தெரிந்தது. கூடவே சுமார் 85,000 எழுத்து நீளத்துக்கு டிஎன்ஏவே காணாமல் போயிருந்தது அதற்கும் பன்னிரண்டு வருடம் கழித்துத் தெரிந்தது. இப்படி எறிந்து உடைத்ததைப் பொதுவாக யாரும் ‘மரபணு மாற்றியது’ என்று அழைப்பதில்லை. அந்த ஒரு மரபணுவை மட்டும் குறிபார்த்து வெட்டினால்தான் நமக்குப் பயம் வருகிறது. எனக்கு இது விநோதமாகவே படுகிறது.

2008இல் ரீசியின் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது ஒரு ஆச்சரியம். செல்லுலோஸை வெட்டும் மரபணுக்கள் இதில் குவிந்து கிடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். மற்ற பல பூஞ்சைகளை விடக் குறைவாகவே இருந்தன. அதன் திறமை கத்தி வகைகளில் இல்லை, செய்ததை வெளியே கொட்டும் வேகத்தில் இருக்கிறது. தேர்ந்த ஆலை வகைகள் ஒரு லிட்டருக்கு 100 கிராம் அளவுக்குப் புரதம் சுரக்கின்றன.

வேலையைக் கயிறு பிரிப்பதோடு ஒப்பிடுங்கள். ஒருவகை நொதி கயிற்றை நடுவில் அறுக்கும். இன்னொன்று அறுந்த நுனியைப் பிடித்து இரண்டிரண்டு சர்க்கரையாக உருவிக்கொண்டே போகும். மூன்றாவது அந்த ஜோடியைப் பிரிக்கும். ரீசி இந்த மூன்றாவதைக் கஞ்சத்தனமாகத்தான் சுரக்கிறது. ஜோடிகள் தேங்கினால் உருவுகிறவன் கை நின்றுவிடும். அதனால் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையிலிருந்து அந்த மரபணுவை எடுத்து இதில் சேர்க்கிறார்கள். நீங்கள் கேட்ட ‘கைவைப்பு’ பெரும்பாலும் இவ்வளவுதான். டெல்லியில் ஐசிஜிஇபி என்ற சர்வதேச மரபணுப் பொறியியல் ஆய்வகம் பெனிசிலியம் இனத்துப் பூஞ்சை ஒன்றில் சிஆர்இ1 மாதிரி நொதி செய்வதை நிறுத்தும் மரபணுவைச் செயலிழக்கச் செய்து நொதி கூடுவதைக் காட்டியிருக்கிறது.

உத்தரத்துக்கு வருவோம். மரத்தில் செல்லுலோஸைச் சுற்றி லிக்னின் என்ற பசை இறுகிக் கிடக்கிறது. ரீசிக்கு அதைக் கரைக்கத் தெரியாது. வைக்கோலைக்கூட முதலில் அமிலத்திலோ நீராவியிலோ வேகவைத்துப் பதப்படுத்தித்தான் அதன் நொதிக்குக் கொடுக்க வேண்டும். அது மட்கும் பொருளில் வாழ்வது, நிற்கிற பயிரைத் தாக்குவது அல்ல. காட்டில் விட்டால் ஓயாமல் நொதி கொட்டி, கிடைக்கும் சர்க்கரையை அக்கம்பக்கத்துப் பாக்டீரியாக்களுக்குப் பந்தி வைக்கும். நாலு நாள் தாக்குப்பிடிக்குமா என்பதே சந்தேகம். மேலும் ஆலைத் தொட்டியிலிருந்து பூஞ்சையை வடித்துவிட்டு நொதியைத்தான் விற்கிறார்கள். நொதி குட்டி போடாது. பயோ வாஷ் முடிந்ததும் சூடேற்றியோ சோடா போட்டோ அதை நிறுத்துவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

என் தயக்கம் வேறு இடத்தில். பானிபட்டில் 2022இல் திறந்த இந்தியன் ஆயில் ஆலை வருடத்துக்கு 2 லட்சம் டன் வைக்கோல் என்று திட்டமிட்டது. அவ்வளவையும் அறுவடை முடிந்த சில வாரங்களுக்குள் வயலிலிருந்து சேர்த்து, கட்டி, நனையாமல் அடுக்கிவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்து தர எந்தப் பூஞ்சையும் கிடையாது. பஞ்சாபில் எரிக்கிற வைக்கோலை எடுக்கட்டும். தஞ்சாவூர்ப் பக்கம் மாட்டுக்குப் போகிற வைக்கோலுக்கு ஆலை விலை பேச வந்தால், அன்றைக்கு நானும் உங்கள் பக்கம் நின்று கேள்வி கேட்பேன்.