பழைய ஆட்டோமேட்டிக் காருக்கு கியர் ஆயில்: வாசகர் கேள்விகள்

கே: 2011 மாடல் ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக், 95,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் ஆயில் மாற்றியதே இல்லை. "இப்ப போய் தொட்டா கியர் பாக்ஸ் படுத்துடும்" என்கிறார் மெக்கானிக். நிஜமா? (திருச்சி வாசகர்)

ப: கியர் உதறாமல் விழுகிறதென்றால் தாராளமாக மாற்றுங்கள். உங்கள் மெக்கானிக் பயப்படக் காரணம் இருக்கிறது. பலரும் கியர் நழுவ ஆரம்பித்த பிறகுதான் ஆயில் மாற்ற வருகிறார்கள். உள்ளே கிளட்ச் தேய்ந்துபோன வண்டி சீக்கிரமே நின்றுவிடும், பழி புது ஆயில் மேல் விழும்.

மெஷின் போட்டு ஆயில் முழுவதையும் தள்ளி வெளியேற்றும் ஃப்ளஷ் வேண்டாம். அடி போல்ட்டைக் கழற்றி வடித்து, வடிந்ததை அளந்து அதே அளவு ஊற்றச் சொல்லுங்கள். ஒரு தடவைக்குப் பாதி ஆயில்கூட வெளியே வராது, மீதி, எஞ்சின் சுழற்சியை கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் போன்ற இடங்களில் தங்கிவிடும். அதனால் இடையில் சில நாள் ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு முறை இப்படிச் செய்ய வேண்டும். போல்ட் முனையில் உள்ள காந்தத்தை நீங்களே கையில் வாங்கிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மைபோல ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம். துடைக்கும்போது விரலில் சில்லு தட்டுப்பட்டால் அதோடு நிறுத்திவிட்டு கியர் பாக்ஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆயில், ஹோண்டாவின் டி.டபிள்யூ-1. பழைய இசட்-1க்குப் பதிலாக வந்தது அதுதான்.

கே: கியர் ஆயில் எல்லாமே சிவப்புதானே? கடையில் மலிவாகக் கிடைப்பதை ஊற்றலாமா? (சேலம் வாசகர்)

ப: கூடாது. சிவப்பு என்பது வெறும் சாயம், நிறம் ஒன்றாக இருப்பதால் ஆயிலும் ஒன்றாகிவிடாது. உங்கள் கார் கையேட்டில் போட்டிருப்பதையே ஊற்றுங்கள்.

கே: கியர் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று சர்வீஸ் சென்டரில் சொல்கிறார்கள். காருக்கு வயது பத்து. (கோவை வாசகி)

ப: இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும். கியர் ஆயிலுக்கு வேலை அதிகம். கிளட்ச்சை அழுத்திப் பிடிப்பது, உராய்வைச் சரியான அளவில் வைப்பது, சூட்டை வெளியேற்றுவது எல்லாமே அது. சூடு ஏற ஏற அதன் சத்து போகும், தேய்ந்த கிளட்ச் தூளும் அதிலேயே சேரும். எந்த எண்ணெய்தான் பத்து வருஷம் இதைத் தாங்கும்? பல ஐரோப்பிய கார்களுக்கு கியர் பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அல்லது எட்டு வருஷத்தில், ஆயில் மாற்றச் சொல்கிறது. அதே கியர் பாக்ஸைப் போட்டு கார் விற்கிற கம்பெனி, மாற்றவே வேண்டாம் என்கிறது. வாரண்டி முடியும் வரை ஓடினால் அவர்களுக்குப் போதும். அதற்குப் பிறகு கியர் பாக்ஸுக்கு லட்சக்கணக்கில் அழப்போவது இரண்டாவது, மூன்றாவது ஓனர்.

இன்னொன்று. பல கார்களின் கையேட்டில் 'கடினமான பயன்பாடு' என்று தனி அட்டவணை இருக்கும். அதிக வெயில், தூசி, நின்று நின்று போகிற டிராஃபிக் எல்லாம் அதில் வரும். அவினாசி சாலையில் தினமும் ஓடும் கார் வேறெந்தக் கணக்கில் சேரும்? மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், அவர்கள் மறுத்தால் வெளியே மாற்றுங்கள்.

கே: என் கார் சி.வி.டி. சர்வீஸில் சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிவிட்டார்கள். இப்போது கிளம்பும்போதே அதிர்கிறது. "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று கையை விரிக்கிறார்கள். (நாகர்கோவில் வாசகி)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சி.வி.டி. என்பது கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக். அதில் உலோக பெல்ட் கப்பியைப் பிடித்துத்தான் ஓடுகிறது. அந்தப் பிடிப்புக்கென்றே தனி ஆயில் உண்டு. மாற்றி ஊற்றினால் பெல்ட் நழுவி, கப்பியில் கோடு விழும். முதலில் வண்டியை ஓட்டாதீர்கள். ஆயில் பெயர் போட்ட பில்லைப் பத்திரப்படுத்துங்கள், வடிக்கும்போது ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள், வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். அப்புறம் பழுதுச் செலவைக் கேட்டு பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். மசியவில்லையா, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் சர்வீஸுக்குக் கட்டியது 5 லட்சத்துக்குள்தான் என்பதால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விட்டுவிடாதீர்கள்.

கே: போட்டோ பார்த்து, ராத்திரி போய் ஒரு ரவுண்டு ஓட்டி, பழைய ஆட்டோமேட்டிக் வாங்கினேன். டி-யில் போட்டால் மூன்று நொடி கழித்துத்தான் நகர்கிறது. ஆயில் மாற்றினால் சரியாகுமா? (மதுரை வாசகர்)

ப: ஆயில் குறைவாக இருந்தால் ஒருவேளை சரியாகும், அளவை முதலில் பாருங்கள். அளவு சரியாக இருந்து ஆயில் கருத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் போய்விட்டது. லட்சக்கணக்கில் பணம் கொடுக்கிற பொருளை இருட்டிலா பார்ப்பது? ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப்போக ஆயிரம் ரூபாய் ஆகியிருக்குமா? எனக்கு ஒரு பழைய காரை விற்றவர், நான் போவதற்குள் எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தார். அன்றைக்கு வெண்ணெய்போல ஓடிய வண்டி, மறுநாள் காலை கியர் விழாமல் உறுமிக்கொண்டே நின்றது. பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

கே: என்னுடையது ஏ.எம்.டி. கார். அதற்கும் ஆட்டோமேட்டிக் ஆயில்தானே? (வேலூர் வாசகர்)

ப: இல்லை. உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ். கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி இயக்குகிறது, அவ்வளவுதான். கையேட்டில் போட்டிருக்கிற மேனுவல் கியர் ஆயிலை ஊற்றுங்கள். கியர் மாற்றும் கருவி ஹைட்ராலிக்காக இருந்தால் அதற்குத் தனி ஆயில் உண்டு, அதன் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள்.