டீச்சரைக் கேளுங்கள்: எந்த வகுப்பை நிறுத்துவது?

பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியை, மயிலாடுதுறை

கேள்வி: டீச்சர், என் மகள் இந்த ஜூனில் ஐந்தாம் வகுப்புக்குப் போகிறாள். போன வருடம் செவ்வாய், வியாழன் பரதம், சனிக்கிழமை அபாகஸ், ஞாயிறு காலை இந்தி, இதுபோக தினமும் ஆறிலிருந்து ஏழரை வரை டியூஷன். ராத்திரி சோற்றில் கை வைத்தபடியே தூங்கி விழுவாள். 'ஒண்ணையாவது நிறுத்துவோம்' என்றால், 'டவுன் பிள்ளைங்க எல்லாம் எங்கேயோ போயிட்டாங்க' என்கிறார் வீட்டுக்காரர். மாமியார் என் பக்கம். எதை நிறுத்தலாம்?
– ஒரு தாய், பாபநாசம்

பதில்: டியூஷனை நிறுத்துங்கள் அம்மா. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம் முக்கால் மணி நேர வேலை. அடுப்படி வாசலில் உட்கார்ந்து எழுதட்டும். நீங்கள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே வாய்ப்பாடு கேட்கலாம். எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பது இருபது பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்திருக்கும் டியூஷன் அக்காவைவிட உங்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்தி வகுப்பைப் பற்றிப் பதறாதீர்கள். பிராத்மிக் தேர்வு பிப்ரவரி, ஆகஸ்ட் என்று வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கிறது. இந்தத் தடவை விட்டால் ஆறு மாதத்தில் அடுத்தது வந்துவிடும். பள்ளி திறந்து புது வகுப்பு பழகும்வரை தள்ளிப்போடுவதில் ஒரு நஷ்டமும் இல்லை.

அபாகஸா, பரதமா என்று கேட்டால், அதை உங்கள் மகள் ஏற்கெனவே சொல்லியிருப்பாள். நாம்தான் கவனித்திருக்க மாட்டோம். எந்த வகுப்புக்குப் போகும்போது பையைத் தானே எடுக்கிறாள், எதற்கு நீங்கள் இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். எங்கள் பள்ளியில் ஒரு பெண், மதியச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதுகூட 'தையா தை' என்று தட்டடவு போட்டுக்கொண்டே இருப்பாள். தட்டு கையில் இருக்கும், கால் சும்மா இருக்காது. அப்படிப்பட்ட பிள்ளையிடமிருந்து பரதத்தைப் பிடுங்கவே கூடாது. கட்டணம் கையைக் கடித்தால், மாவட்டத் தலைநகரில் அரசின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள். ஐந்து வயது முதல் பதினாறு வயது வரை பரதம், பாட்டு, ஓவியம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள்.

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரமாவது தூக்கம் வேண்டும். ஏழரைக்கு டியூஷன் விட்டு, சாப்பிட்டு, எழுதிப் படுக்கப் பத்தரை ஆனால் அந்தக் கணக்கு எப்படியும் உதைக்கும். தூக்கம் போதாத பிள்ளை மறுநாள் முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். மைதானத்தில் விசிலோடு நின்ற காலமெல்லாம் அந்த முகங்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மக்குப் பிள்ளைகள் இல்லை, களைத்த பிள்ளைகள்.

கேள்வி: என் மகன் ஏழாவது போகிறான். போன ஆடியில் கூட்டாளிகளோடு காவிரிக்குப் போய், டவுசரைக் கரையிலேயே காயவைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவன்போல வீட்டுக்கு வந்தான். என் மனைவியின் சித்தப்பா மகன் ஆற்றோடு போனவர். அதனால் அவள் பிள்ளையைப் படித்துறைக்கே விடுவதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் மறுபடி ஆரம்பித்துவிடுவானே என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தந்தை, குத்தாலம்

பதில்: தம்பி, உங்கள் மனைவியின் பயம் நியாயமான பயம். அதை யாரும் லேசாகப் பேசக் கூடாது. ஆனால் காவிரிக்கரையில் வளரும் பையனைத் தண்ணீருக்குப் போகாதே என்றால், போகாமல் இருக்க மாட்டான், சொல்லாமல் போவான். டவுசரைக் காயவைக்கத் தெரிந்தவனுக்கு நீச்சலும் தெரியட்டும். அவனைத் தண்ணீரில் இறக்குவது நீங்களாக இருக்க வேண்டும்.

இப்போது வைகாசி, ஆறு வறண்டு கிடக்கிறது. நல்ல நேரம் இது. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கி நடங்கள். படித்துறையின் கடைசிப் படிக்கு அப்புறம் எவ்வளவு பள்ளம், மணல் அள்ளிய குழி எங்கே, முள் எங்கே, கருங்கல் எங்கே என்று அவன் காலாலேயே தெரிந்துகொள்ளட்டும். ஓர் ஆள் உயரக் குழிக்குள் அவனை நிற்க வைத்து, 'தண்ணி வந்தா இது மேலாக ஒண்ணும் தெரியாது, பார்' என்று சொல்லுங்கள். திட்டினால் காதில் ஏறாதது இதில் ஏறும். வெள்ளம் வந்தால் குழிகள் இடம் மாறும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீச்சலை ஆற்றில் ஆரம்பிக்க வேண்டாம். தெரிந்தவர் வயலில் பம்புசெட் தொட்டி இருந்தால் அங்கே, அவன் மார்பளவுத் தண்ணீரில் தொடங்குங்கள். முதலில் முகத்தை அமுக்கி வாயால் காற்று விடப் பழகட்டும். அடுத்து மல்லாக்க மிதக்கட்டும். கைகால் அடிப்பது அதற்கப்புறம்தான். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மிதக்கத் தெரியாமல் கையடிக்கும் பிள்ளை கொஞ்ச நேரத்தில் சோர்ந்துபோகும். பெரியவர்கள் நெத்துத் தேங்காய் இரண்டை நார் உரித்து முடிச்சுப்போட்டு நெஞ்சுக்கடியில் கொடுப்பார்களே, அது இன்றைக்கும் நல்ல ஏற்பாடுதான். உங்கள் கை மட்டும் அவன் வயிற்றுக்குக் கீழேயே இருக்கட்டும்.

மேட்டூர் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாள் ஆகும், குத்தாலத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட. முதல் தண்ணீர் ஆகாயத்தாமரை, முள், பாட்டில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வரும். அதில் இறங்கவே கூடாது. எவ்வளவு நன்றாக நீந்தினாலும் மதகு, கதவணை, தடுப்பணை, பாலத்தூண் பக்கம் போகக் கூடாது. ஷட்டருக்குக் கீழே விழும் தண்ணீர் திரும்பிச் சுருண்டு உள்ளே இழுக்கும். அங்கே நீச்சல்காரனுக்கும் பிடிமானம் கிடையாது.

கடைசியாக, அவனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியது ஒன்று: கூட்டாளி தண்ணீரில் தத்தளித்தால் நீ குதிக்காதே. கத்து, ஆளைக் கூப்பிடு, கழியை நீட்டு, வேட்டியையோ துண்டையோ முறுக்கி வீசு. ஒருவனைப் பிடிக்கப் போய் அடுத்தவன், அவனைப் பிடிக்கப் போய் இன்னொருவன் என்று நம் ஆறுகளில் போன பிள்ளைகள் எத்தனை பேர்! இதைக் கூட்டாளிகளையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். வீட்டில் பெண்பிள்ளை இருந்தால் அவளுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுங்கள். பாபநாசத்து அம்மாவுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் ஊரில் குடமுருட்டி ஓடுகிறது. ஒரு சனிக்கிழமை காலியானால் முதலில் நீச்சலுக்குக் கொடுங்கள்.

கேள்வி: நான்காம் வகுப்பு மகனுக்கு, பள்ளி திறந்ததும் கல்லணை மாதிரி செய்து கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். தெர்மாகோல் வெட்டத் தெரியாது எனக்கு. கடையில் செய்து விற்பதை வாங்கிக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், நீடாமங்கலம்

பதில்: வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை கட்டுச்சோறு கட்டிக்கொண்டு தஞ்சாவூர் போய், அங்கிருந்து கல்லணைக்கு பஸ் ஏறுங்கள். சுமார் 1,080 அடி நீளமுள்ள கரிகாலன் அணை நேர்கோடாக இல்லாமல் வளைந்து கிடப்பதை அவன் கண்ணால் பார்க்கட்டும். மணலில் பாறைகளைப் புதையவிட்டு, இடையில் களிமண் பூசிக் கட்டியது அது. அதே வேலைக்கு உங்கள் வாய்க்கால் ஓரத்துக் களிமண்ணும் ரயிலடிச் சரளைக்கல்லும் போதும். அவனே பிசையட்டும், கோணலாக வந்தாலும் அப்படியே கொடுத்தனுப்புங்கள். களிமண் வெடிக்காமல் இருக்கக் கொஞ்சம் உமி கலந்து, நிழலில் காயவையுங்கள்.